அரியணை வண்டியும் வாடகை வண்டியும்

பிழைப்பை நாடி வந்து அல்வாலில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுள் எமதும் ஒன்று. ஊரிலிருந்து வந்திருந்த எம் அன்னையாரை அழைத்துக்கொண்டு, சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று வாடகைக் காரில் செகந்தராபாத் வழியே பழைய ஐதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றோம்.

1912ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் 'சில்வர் கோஸ்ட்' கார் ஒன்று அங்கே நிற்கிறது. செய்யச் சொன்னவர் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். வண்டி வந்து சேருமுன், 1911இல், அவர் காலமானார். அது அவர் மைந்தர் மீர் உஸ்மான் அலி கானுக்கு உரியதாயிற்று. மஞ்சள் வண்ணம், குவிமாடம் போன்ற கூரை, பின்புறத்தில் அரியணையாய் உயர்ந்த ஆசனம். ஆறு சிலிண்டர்களும் ஏழு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் உடைய எஞ்சின், ஓசையடங்கிய ஓட்டத்துக்குப் பேர்பெற்றது. ஆயினும் இவ்வண்டி ஓடிய தூரம் சொற்பமே.

அன்னையார் நெடுநேரம் நோக்கினார். "உட்கார்ந்தவரை ஊரார் பார்ப்பதற்கென்று செய்த வண்டி இது. மூட்டுவலிக்காரி ஏறி இறங்க, நீ பிடித்து வந்த வண்டிதானப்பா வசதி" என்றார்.

நாம் நாணினோம். கடன்பட்டுப் பெரிய கார் வாங்க எண்ணியிருந்ததை அவரிடம் நாம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் அவர் எம் தோளில் சாய்ந்து உறங்கினார். கடனுக்குக் கட்டும் தவணையைக் கொண்டு ஆண்டுக்கு எத்தனை முறை ஊருக்குப் போய்வரலாம் என்று, அல்வால் வரும்வரை கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.