பச்சைப் பையும் ஆச்சியின் கழனிப் பானையும்

ஆஸ்லோவுக்கு வந்த முதல் வாரம். மூணு நாள் பழசான சாம்பார் சாதத்தை அப்படியே குப்பையில் தட்டிட்டு நிமிர்ந்தா, எங்க பொதுச் சமையலறையில் நார்வேக்காரப் பையன் ஒருத்தன் நிக்கிறான். திட்டலை. டிராயரைத் திறந்து ஒரு பச்சைப் பையை எடுத்து நீட்டினான். அவ்வளவுதான். எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

மேட்டர் இதுதான் மக்களே. இங்க உணவுக் கழிவு பச்சைப் பையில், பிளாஸ்டிக் நீலப் பையில், மிச்சமெல்லாம் சாதாரணக் கடைப் பையில். 2009ல் ஆரம்பிச்சு 2012க்குள்ள நகரம் முழுக்கக் கொண்டு வந்துட்டாங்க. பச்சைப் பை மளிகைக் கடையிலேயே இலவசம். வேடிக்கை என்னன்னா, மூணு பையையும் ஒரே தொட்டியில்தான் போடணும்! அப்புறம் எதுக்குய்யா பிரிச்சீங்கன்னு கேட்டா, ஆலையில் கேமரா நிறத்தைப் பார்த்துப் பிரிச்சுடுமாம். அதனாலதான் ரெட்டை முடிச்சு போடச் சொல்றாங்க. பை அவிழ்ந்தா கதை கந்தல்.

பச்சைப் பையில் இருக்கறது ரூமெரிக்கே பக்கம் இருக்கற பயோகேஸ் ஆலைக்குப் போகுது. காத்துப் படாம நொதிக்க வெச்சு, வண்டிக்கு எரிபொருளும் வயலுக்கு உரமும் எடுக்கறாங்க. மிச்சக் குப்பையை எரிச்சு, அந்தச் சூட்டை வீடுகளுக்கு அனுப்பறாங்க.

கேட்டதும் திருநெல்வேலி ஆச்சி ஞாபகம்தான். புறவாசல்ல ஒரு கழனிப் பானை. அரிசி கழுவின தண்ணி, காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாம் அதுக்குள்ள. சாயங்காலம் பால்காரர் மாட்டுக்கு எடுத்துட்டுப் போவார். மாட்டுச் சாணி வயலுக்கு. அங்க ஆச்சி கண்ணுதான் கேமரா :-)

ஆனா பச்சைப் பை வேற ஒண்ணையும் காட்டிக் கொடுத்துடுச்சு. அவன் பையில் காப்பிச் சக்கையும் வாழைப்பழத் தோலும். என் பையில் முழுக்கச் சோறு. அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"எத்தன டம்ளர் அரிசி போடுத?"

"ரெண்டு. நீ போடற மாதிரிதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஒத்த ஆளுக்கு முக்கா டம்ளர் போதும்யா" என்றாள்.

ஒத்த ஆளு. வந்து ஒரு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அது உறைச்சது. நாலு பேருக்கு வடிச்சுட்டு, தினமும் மூணு பேர் சோத்தைக் கொட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

இப்பல்லாம் முக்கா டம்ளர்தான். பச்சைப் பை நிறைய நாலஞ்சு நாளாகுது. ஞாயித்துக்கிழமை மட்டும் பழைய ரெண்டு டம்ளர். அன்னிக்குப் பை நீட்டின அந்தப் பையன் இப்ப தட்டை நீட்டறான். ரசத்துக்குக் கண்ணுல தண்ணி வந்தாலும், ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்லை.