விளம்பரத்தை வேடிக்கை பார்க்க ஓர் ஊர்!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாக்களை நியூயார்க்கில் இரண்டு இடங்களுக்கு எப்படியும் கூட்டிப் போய்விடுவார்கள். ஒன்று, சுதந்திர தேவி சிலை. இன்னொன்று, டைம்ஸ் சதுக்கம். முதல் இடத்தில் பார்க்க ஒரு சிலை இருக்கிறது. இரண்டாவது இடத்தில்? விளம்பரங்கள்தான். வீட்டில் டி.வி. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போகிறவர்கள்கூட, இங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து அதையே பார்க்கிறார்கள். செல்ஃபியும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிராட்வே சாலையும் ஏழாவது அவென்யூவும் குறுக்கிடும் இடம் இது. பழைய பெயர் லாங்ஏக்கர் சதுக்கம். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை இங்கே கட்டடம் எழுப்பியதால் 1904-ல் பெயர் மாறியது. ஊரின் பெயரிலேயே ஒரு நிறுவனம்!

ஆனால், இது அடிப்படையில் நாடகப் பேட்டை. 'பிராட்வே நாடகம்' என்று உலகமே சொல்கிறதே, அந்த அரங்குகள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் குறுக்குத் தெருக்களில்தான் இருக்கின்றன. நாடகம் பார்க்கக் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தைத் தேடி விளம்பரம் வந்தது. 1941-ல் ஒரு சிகரெட் கம்பெனி வைத்த பலகையில், வரைந்த மனிதனின் வாயிலிருந்து வளையம் வளையமாகப் புகை வரும். உண்மையில் அது நீராவி. 1966 வரை அவன் ஊதிக்கொண்டே இருந்தான்!

1980-களில் இங்கே அலுவலகக் கோபுரங்கள் வரப்போகின்றன என்றதும், சதுக்கம் இருண்டுவிடுமே என்று பலர் பதறினார்கள். 1984-ல் ஓர் இரவு விளக்குப் பலகைகளை அணைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். 1987-ல் மாநகரம் விதியே போட்டது. புதிதாகக் கட்டடம் கட்டினால் ஒளிரும் பலகை வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு பரப்பு, எவ்வளவு வெளிச்சம் என்பதற்கும் கணக்கு உண்டு. விளம்பரம் இங்கே சட்டப்படி கட்டாயம்!

புத்தாண்டு இரவில் ஒளிப்பந்து இறங்குமே, அந்த 'ஒன் டைம்ஸ் ஸ்கொயர்' கட்டடத்தை 1995-ல் ஒரு நிதி நிறுவனம் வாங்கியது. உள்ளே ஆட்களைக் குடிவைப்பதைவிட வெளிச்சுவரை வாடகைக்கு விடுவது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். பல வருடங்கள் மேல்மாடிகள் பெரும்பாலும் காலி. சுவர் மட்டும் சம்பாதித்தது.

சுவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 42-வது தெருவில் இரண்டு பழைய அரங்குகள் இருந்த இடத்தில் 1998-ல் ஒரு பெரிய அரங்கு திறந்தது. அதற்கு ஃபோர்டு கார் கம்பெனியின் பெயர். 2005-ல் அது ஹில்டன் ஓட்டல் பெயருக்கு மாறியது. 2010-ல் ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற சூதாட்ட விடுதியின் பெயர். அதே மேடை, அதே நாற்காலிகள். வாசல் பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பாழடைந்து கிடந்த தெருவுக்கு உயிர் கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது என்பது நியாயம்தான். அதற்காக, டிக்கெட் வாங்கும் ரசிகர் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் நாடகத்துக்கு வழி கேட்க வேண்டுமா? 2014-ல் அந்த இடத்தின் பழைய பெயர்களில் ஒன்றான 'லிரிக்' திரும்பி வந்தது.

அதே தெருவில், செல்வின் என்ற நாடகத் தயாரிப்பாளர்களின் பெயரில் 1918-ல் திறந்த அரங்கு, 2000-ல் 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தியேட்டர்' ஆனது. 2024-ல் அதற்கு மறுபடி ஒரு நாடகக்காரரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே இயங்கும் நாடக அமைப்பைப் பல காலம் நடத்தி, 2023-ல் மறைந்த டாட் ஹெய்ம்ஸ்.

2021 நவம்பரில் இதே சதுக்கத்தின் திரையில் இளையராஜா தோன்றியபோது, அந்தப் படத்தை ஃபார்வேர்டு செய்யாத தமிழர் குறைவு. மனசு நிறைந்தது, சரி. அது 'ஸ்பாட்டிஃபை' என்ற இசைச் செயலியின் விளம்பரம் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

இப்படி எல்லாம் விலைக்குப் போன இடத்தில், ஒரு மூன்று நிமிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. 2012-லிருந்து தினமும் இரவு 11.57-க்கு பல திரைகளில் ஒரே நேரத்தில் விளம்பரம் நின்றுவிடும். ஓர் ஓவியரோ வீடியோ கலைஞரோ செய்த படைப்பு, சதுக்கத்தைச் சுற்றிலும் ஓடும். மாதத்துக்கு ஒரு கலைஞர். பெயர், 'மிட்நைட் மொமென்ட்'. சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் விளம்பரங்கள் திரும்பிவிடும்.

பார்க்கக் காசு கிடையாது. தள்ளுபடி நாடக டிக்கெட் விற்கும் கவுன்டரின் கூரைமேல் சிவப்புப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். 11.50-க்கே போய்விடுங்கள், குளிர்காலம் என்றால் மஃப்ளரை மறக்காதீர்கள்.