தளி சாலையில் மார்கழி முள்ளங்கி

‘இலை தளதளவென்று வருகிறது. கிழங்கு மட்டும் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் பருக்கவில்லை. கிடைத்த நாலைந்தும் வாயில் வைக்க முடியாத காரம். என்ன குறை?’ சித்திரையில் முள்ளங்கி போட்ட சமவெளி வாசகர் ஒருவரின் கேள்வி இது. மார்கழியில் ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் ஒரு காலைப்பொழுது நடந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் பனி விலகவில்லை. ஒரு பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள். மறுபக்கம் செம்மண்ணில் கோஸ், பீட்ரூட், கொத்தமல்லி, நடுநடுவே முள்ளங்கி. தள்ளி, காட்டை ஒட்டிய நிலங்களில் கேழ்வரகுக் கதிர். அந்த வாசனைக்கு யானை வரும் மாதம் இது என்பதால் ராத்திரிக் காவல் இருந்தவர்கள் கண் சிவந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் ஓடுகிறது.

போர்வெல் தொட்டியில் கணவனும் மனைவியும் முள்ளங்கி அலசிக்கொண்டிருந்தார்கள். அரை ஏக்கர்தான். அதையும் மூன்று துண்டாக்கிப் பத்து நாள் இடைவெளியில் விதைத்திருக்கிறார்கள்.

“எல்லாத்தையும் ஒரே நாள்ல வெதைச்சா வியாபாரி சொல்ற வெலைதாண்ணா. ராகின்னா மூட்டை கட்டி வெச்சுக்கலாம். இதை வெக்க முடியுமா?” என்றார் அந்த அம்மா.

முள்ளங்கியின் சிக்கலே அதில்தான் இருக்கிறது. வெள்ளை ரகங்கள் 45 முதல் 60 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். பருவம் தாண்டி மண்ணில் விட்டால் உள்ளே பஞ்சு போல ஆகி, நார் ஏறி, பூத்தண்டும் கிளம்பிவிடும். பிடுங்கினாலோ ஓரிரு நாளில் வாடும். இது வாங்க வருகிறவருக்கும் தெரியும். போன வருஷம் பக்கத்து நிலத்தில் வண்டிக்கூலிக்கும் கட்டாது என்று ஒரு ஏக்கரை அப்படியே உழுதுவிட்டார்களாம். “எங்களுக்கு ஒரு துண்டுல போனா இன்னொண்ணுல வரும். பொண்ணு ஹாஸ்டல் பணம் கட்டணுமில்ல” என்றார் கணவர், நீரிலிருந்து கையை எடுக்காமலே. 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தும் இந்தக் கணக்குதான் அவர்களைக் காப்பாற்றுகிறது.

குளிர் செய்யும் வேலையைக் கடித்துப் பார்த்தே சொல்லலாம். சேறு கழுவி ஒன்றைக் கொடுத்தார்கள். சாறு வழிந்தது, காரம் பின்னால்தான் லேசாக எட்டிப்பார்த்தது. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேரும்போது முள்ளங்கியில் காரம் கூடிவிடும். சித்திரைப் பயிரின் காரம் அதுதான்.

கிழங்கு பருக்காததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. தழைச்சத்து கூடினால் செடி இலையிலேயே நின்றுவிடும். யூரியாவைத் தாராளமாகப் போட்டவர்களுக்கு இது நடக்கும். நெருக்கமும் ஒரு காரணம். ஏக்கருக்கு சுமார் 4 கிலோ விதை போதும். முளைத்து இரண்டு வாரத்துக்குள் அரைச்சாணுக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். மனசு வராமல் விட்டால் எல்லாமே சுண்டுவிரல்தான். பிடுங்கிய நாற்று வீணில்லை, அன்றைய கீரை அது. மக்காத சாணமும் கல்லும் இருந்தால் கிழங்கு கவட்டையாகப் பிரியும். காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினால் வெடிக்கும். நாற்று விட்டு நடுவது இதற்கு ஆகாது, நேரடி விதைப்புதான்.

சமவெளிக்காரர்கள் புரட்டாசியில் தொடங்கி கார்த்திகை வரை விதைக்கலாம். ஐப்பசி மழை தேங்காமல் பார் பிடித்துப் போடுவது நல்லது. கோடையில் போட்டே ஆக வேண்டும் என்றால் வெயில் தாங்கும் பூசா சேட்கி ரகத்தைத் தேடி வாங்குங்கள். ஈரம் காயவிடாமல், இளசிலேயே எடுத்துவிடுங்கள்.

மதியம் அந்த வீட்டில் களி. வட்டமாக உருட்டி, நடுவில் குழித்து, முள்ளங்கிக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் எண்ணெயில் வதக்கி, பிறகு பருப்பில் சேர்ப்பதால் அந்த வாடை தெரியவில்லை. இலையைப் பொடியாக நறுக்கி, காய்ந்த மிளகாய், தேங்காய் போட்டுப் பொரியல். கிழங்கைவிட இலையில்தான் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் அதிகம். நகரத்துக் கடைகளில் அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் விற்கிறார்கள். விலை போகாமல் பூத்துவிட்ட வரிசையையும் இவர்கள் விடுவதில்லை. பிஞ்சுக் காய்களைப் பறித்து வதக்கிக்கொள்கிறார்கள், மிச்சம் மாட்டுக்கு. மூன்றாம் துண்டில் அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. சாப்பிட்ட கையோடு அந்த அம்மா களைப்பு எடுக்கப் போய்விட்டார்.