கறுப்பெண்ணெய்

நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டிய பணியை விட்டுவிட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது மாந்தர் இயல்பு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள், பள்ளி விடுமுறை தொடங்கியதும் விடியற்காலையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வாயிலில் நின்ற தாயை மறந்திருக்க மாட்டார்கள். மூன்று மாதக் கசடும் ஒரு காலைப் பொழுதில் வெளியேறிவிடும் என்பது அந்நாளைய நம்பிக்கை. தைப்பிங் நகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 2003ஆம் ஆண்டில் தம் மகிழுந்தின் எந்திரத்தைக் கழுவ ஒப்புக்கொண்டபோது அவர் உள்ளத்தில் இருந்ததும் அந்த விளக்கெண்ணெய்தான்.

அம்மகிழுந்து அவர் 1988இல் வாங்கிய புரோட்டான் சாகா. மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தாக 1985 ஜூலையில் வெளிவந்த அவ்வகை வண்டியே, தோட்டப்புறத்திலிருந்து படித்து முன்னேறிய அவர் குடும்பத்தின் முதல் புது வண்டி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதும், அந்தக் கணக்கைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் அவர் வழக்கம். வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போலவே அதிலும் அடித்தல் திருத்தல் இராது.

பின்னர் அவர் மனைவியாரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தம் உடலினின்று வெளியே வந்து தூய்மை பெற்று மீண்டும் உட்செல்ல வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். காலையில் கொண்டு விடுவார். வீடு திரும்பிக் கஞ்சி காய்ச்சுவார். நண்பகலில் சென்று அழைத்து வருவார். பதினான்கு மாதங்கள் அம்மகிழுந்து வேறெங்கும் சென்றதில்லை. பிறகு அந்தப் பயணமும் நின்றது.

கருமாதி முடிந்து உறவினர் கலைந்த பின்னரே அவருக்கு வண்டியின் நினைவு வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினார். இடையில் ஓடியிருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கணக்குப்படி எண்ணெய் மாற்றும் காலமே வரவில்லை. ஆயினும் மனம் கேளாமல் பட்டறைக்குச் சென்றார்.

அங்கிருந்த இளைஞன் அவரிடம் படித்தவன். அளவுகோலை உருவிக் காட்டி, "ஐயா, எவ்வளவு கறுப்பு பாருங்கள். வெறும் எண்ணெய் மாற்றினால் போதாது, உள்ளே கழுவியாக வேண்டும்" என்றான். பழைய எண்ணெயில் ஒரு தகரக் குப்பி நீர்மத்தை ஊற்றி, எந்திரத்தைச் சிறிது நேரம் நின்றவாறே ஓடவிட்டு, அனைத்தையும் வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றுவது. 'எஞ்சின் பிளஷ்' என்று கடைகளில் அதற்குப் பெயர். அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். குப்பியின்மேல் எழுதியிருந்ததை நம்பியவன். மாணவன் சொல்லை ஆசிரியர் தட்டவில்லை.

மலாய்மொழியில் எந்திர எண்ணெய்க்கு மிஞாக் ஹீத்தாம் என்று பெயர். கறுப்பெண்ணெய் என்பது பொருள். குப்பியிலிருந்து ஊற்றும்போது அது தேன்நிறத்தில்தான் இருக்கிறது. கறுப்பு, வேலை செய்ததால் வந்த நிறம். இன்றைய எண்ணெய்களில் அழுக்கைக் கரைக்கும் சேர்மங்களும், கரைந்த கரித்துகளைப் படியவிடாமல் தாங்கி நிற்கும் சேர்மங்களும் கலந்துள்ளன. எஸ்.ஏ. எனக் குறிக்கப்படும் மிகப் பழைய வகையில் இவை இல்லை. 1930க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் எந்திரங்களுக்கு அது பொருந்தாது என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமே கூறுகிறது. அன்று தொட்டு 2020இல் வந்த எஸ்.பி. வகை வரை எண்ணெய் படிப்படியாகத் திருந்தி வந்துள்ளது. ஆக, எண்ணெய் கறுத்தது கொண்டு எந்திரம் கெட்டது என முடிவு செய்தல், சலவைத் தொட்டியின் நீர் கலங்கியது கண்டு துணி கெட்டது என்பதை ஒக்கும்.

கழுவுநீர்மம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மெல்லிய கரைப்பான். விலை உயர்ந்த குப்பிகள் வருமுன் லாரி ஓட்டுநர்கள் மண்ணெண்ணெயையோ டீசலையோ ஊற்றிக் கழுவியதும் உண்டு. முறையாக எண்ணெய் மாற்றப்பட்ட எந்திரத்தில் அது பெரிய தீங்கு செய்வதில்லை. கழுவுவதற்கு அங்கு ஒன்றுமில்லை. களிபோல் கசடு படிந்த எந்திரத்திலோ, அது கசடு முழுவதையும் கரைப்பதில்லை, பெயர்த்து விடுகிறது. பெயர்ந்த துண்டுகள் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, உறிஞ்சு குழாயின் வாயிலுள்ள சல்லடையில் அடைகின்றன. வடிகட்டி இருக்கிறதே எனலாம். அது பம்புக்குப் பின்னே இருப்பது. சல்லடையோ பம்புக்கு முன்னே இருப்பது. வாய் அடைபட்டால் மேலே சுழலும் தண்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும் எண்ணெய் ஏறாது. தேவையில்லாத எந்திரத்திற்கு ஊறு செய்யாத மருந்து, தேவையுள்ள எந்திரத்திற்கே ஊறு செய்யக்கூடும் என்பதுதான் இதிலுள்ள விந்தை.

பதினோராம் நாள் ஆசிரியர் ஈப்போவிலிருந்த மகளைக் காணப் புறப்பட்டார். நீண்ட காலத்திற்குப் பிறகு முதல் நெடும்பயணம். பழைய சாலையில் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில், எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு மினுக்கிற்று, அணைந்தது, மறுபடி எரிந்து நிலைத்தது. அவர் உடனே ஓரங்கட்டி எந்திரத்தை நிறுத்தினார். அந்த ஒரு செயலே வண்டியைக் காத்தது. இன்னும் சில நிமிடங்கள் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் தேய்ந்து எந்திரமே இறுகிப் போயிருக்கலாம்.

இழுத்துச் சென்ற இடம் பாடாங் ரெங்காஸில் ஒரு சீன முதியவரின் பட்டறை. வந்தவர் ஆசிரியர் என்று அறிந்ததும் முதியவர் மலாயில், "சிக்கு, இப்படி அமருங்கள்" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியபோது, சல்லடை முழுவதும் ஈரக் கரிபோல் கறுப்புத் துண்டுகள் அப்பியிருந்தன.

"யாரோ மருந்து ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்."

"ஆம், தவுக்கே."

முதியவர் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருப்பிக் காட்டினார். அதன் உட்புறத்தில், பழுப்பு நிறத்தில், பாலாடை போன்ற மெல்லிய படிவு. கசடு பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. இந்தப் பாலாடையோ அண்மைக் காலத்தது. "நெடுநாளாகக் குறுந்தூரம் மட்டுமே ஓட்டினீர்களா, சிக்கு? எந்திரம் சூடேறுமுன்னே நிறுத்தி நிறுத்தி?"

ஆசிரியருக்குச் சிறிது நேரம் விடை வரவில்லை. எந்திரம் நன்றாகச் சூடேறினால்தான் எண்ணெயில் கலந்த நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மூன்று கிலோமீட்டரில் அது நிகழாது. மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கின் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டது. குறிப்பேட்டில் கிலோமீட்டர் குறைவாக இருந்ததே நோயின் அடையாளம். அவர் அதையே நலத்தின் அடையாளமாகப் படித்திருந்தார். மனைவியாரை ஏற்றி இறக்கிய ஒவ்வொரு காலையும் அந்த மூடியில் படிந்திருந்தது.

"என் மனைவிக்கு உடல்நலமில்லை" என்றார். இறந்துவிட்டார் என்று சொல்ல ஏனோ வாய் எழவில்லை. முதியவரும் மேற்கொண்டு வினவவில்லை.

தொட்டியையும் சல்லடையையும் முதியவர் தம் கையாலேயே துலக்கிப் பூட்டினார். புதிய வடிகட்டி, நடுத்தர விலையில் நல்ல எண்ணெய். "மருந்து எதுவும் வேண்டா. ஆயிரம் கிலோமீட்டரில் இதை வடித்துவிட்டு மறுபடி ஊற்றுவோம். எஞ்சிய அழுக்கை எண்ணெயே மெல்ல மெல்லக் கொண்டு வரும். வாரம் ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டுங்கள். ஓடாவிட்டாலும் ஆறு மாதத்திற்கொருமுறை மாற்றுங்கள்."

நெடுந்தூரம் ஓட்டுவதற்கு ஆசிரியருக்குப் போக்கிடம் இல்லை. ஆயினும் ஞாயிறு தோறும் காலையில் புறப்பட்டுக் கோலகங்சார் வரை சென்று, ஆற்றங்கரையில் ஒரு தேநீர் அருந்தித் திரும்பினார். ஆயிரம் கிலோமீட்டர் நிறைய மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று. மீண்டும் பாடாங் ரெங்காஸ் சென்றபோது முதியவர் அளவுகோலை உருவினார். எண்ணெய் கன்னங்கறுப்பாக இருந்தது. ஆசிரியர் முகம் வாடியது.

முதியவர் சிரித்தார். "இது வேலை செய்திருக்கிறது, சிக்கு" என்று சொல்லிக்கொண்டே வடிதட்டை வண்டிக்கு அடியில் தள்ளினார்.

ஆசிரியர் குறிப்பேட்டைத் திறந்து கிலோமீட்டரை எழுதினார். பிறகு அதன் அருகில் கோடொன்று கிழித்து, முதன்முறையாக நாளையும் எழுதினார்.