பிரபுக்கள் போனார்கள், மாளிகை நிற்கிறது

பழைய கட்டடத்தைக் காப்பது வேலியல்ல, புதிய பயன்தான். பாரிஸின் பிரோன் மாளிகை இதற்குச் சான்று. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெருஞ்செல்வர் ஒருவருக்காக ழான் ஒபேர் அதை வடிவமைத்தார். பின்னர் பிரோன் பிரபுவிடம் வந்தது. 1820இல் கன்னியர் மடத்திடம் போய்ப் பெண்கள் பள்ளியானது. ஆடம்பரம் வேண்டாமென்று கன்னியர் சுவர்களின் மரவேலைப்பாடுகளைக் கழற்றி விற்றார்கள். மடம் வெளியேறியபின், இடிபடக்கூடிய நிலையிலிருந்த அறைகளில் மத்தீஸ், கொக்தோ, ரோதான் முதலிய கலைஞர்கள் வாடகைக்குக் குடியேறினார்கள். 1911இல் அரசு அதை வாங்கியது. தன் படைப்புகளை நாட்டுக்குத் தருகிறேன், இங்கேயே அருங்காட்சியகம் அமையுங்கள் என்றார் ரோதான். 1919இல் அது திறக்கப்பட்டது.

பிரபுக்களின் ஆடம்பரத்துக்கு மக்கள் வரிப்பணமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இடித்திருந்தால் பிரபுக்களுக்கு நட்டமில்லை. அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மதிலுக்குள் ஒரு குடும்பம் அனுபவித்த தோட்டத்தில் இன்று சீட்டு வாங்கிய எவரும் நடக்கலாம். இடித்திருந்தால் இழந்திருப்பவர்கள் இந்தப் பொதுமக்கள்தான். பயன் மாறினால் தொன்மை சிதையும் என்பார்கள். சிதைந்தது உண்மை, ஆனால் விற்றுப்போன மரவேலைப்பாடுகளில் சிலவற்றை மீட்டு மறுபடி பொருத்தியதும் அதே அருங்காட்சியகம்தான். ஆகவே, பழைய கட்டடம் எதையும் இடிக்குமுன், அது இனி யாருக்குப் பயன்படும் என்று ஒருமுறை கேளுங்கள்.