கையும் களவுமாக

சில வருஷங்கள் ப்ரூஃப் பார்த்துப் பிழைத்தவன் நான். நிறுத்தக் குறிகளை வாசகன் பார்ப்பதில்லை என்பதை அறிவேன். ஆகையால் ஜீனியஸ் விவகாரம் எனக்கு வெறும் வழக்குச் செய்தியாகப் படவில்லை.

ஜீனியஸ், பாட்டு வரிகளைக் கேட்டு எழுதிச் சேர்த்துவைக்கும் அமெரிக்க வலைத்தளம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கூலி கேட்காத ரசிகர்கள். வரியைத் தேடுகிறவன் தளத்துக்கு வந்தால் விளம்பரம் கண்ணில் படும், அதில் வரும்படி. கூகுள் தன் தேடல் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் முழுப் பாட்டையும் காட்டத் தொடங்கியதும், வரவேண்டிய அவசியம் போயிற்று.

வரிகள் தங்கள் தளத்திலிருந்து போனவை என்று எப்படி நிரூபிப்பது? ஆங்கிலத்தில் எழுத்து விடுபட்ட இடத்தில் மேலே போடும் கீற்றைச் சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் வளைத்தும் வைத்தார்கள். இரண்டையும் மோர்ஸ் தந்தியின் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றிப் படித்தால், 'கையும் களவுமாக' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். அதே கீற்றுகள் கூகுளின் பெட்டியில் இருந்தன. 2019 ஜூனில் விஷயம் வெளியாயிற்று. உரிமம் பெற்றவர்களிடமிருந்து வந்த வரிகள் என்றது கூகுள்.

அந்த டிசம்பரில் ஜீனியஸ் வழக்குத் தொடுத்தது. 2020இல் தள்ளுபடி. பாட்டின் உரிமை பாட்டை இயற்றியவனைச் சேர்ந்தது. கேட்டெழுதியவனுக்கு அதில் பாத்யதை இல்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. இதில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதுதான் உறுத்துகிறது. உழைப்புக்குச் சாட்சி இருந்தது, உரிமை இல்லை.

இன்று பெட்டியும் பழசாகிவிட்டது. 2024 மே முதல் அமெரிக்காவிலும் பிறகு இங்கும், பல தேடல்களுக்கு இயந்திரமே ஒரு சுருக்கத்தை எழுதிக் கொடுக்கிறது. 2025 மார்ச்சில் சுமார் 900 அமெரிக்கர்களின் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் கவனித்தது. சுருக்கம் இல்லாதபோது நூற்றுக்கு 15 தேடல்களில் ஏதாவது ஓர் இணைப்பைத் தொட்டார்கள். சுருக்கம் இருந்தபோது 8. சுருக்கத்துக்குள்ளேயே காட்டியிருந்த மூலத்தைத் தொட்டது 1. பெட்டியாவது எழுத்தை அப்படியே எடுத்தது, கீற்று தப்பியது. சொல்லையே மாற்றி எழுதிவிடும் சுருக்கத்தில் எந்தக் கீற்றை ஒளித்துவைப்பது?

குற்றப் பத்திரிகை வாசிக்க எனக்கு யோக்யதை உண்டா, தெரியவில்லை. சென்ற வாரம் ஒரு பழஞ்சொல்லுக்குப் பொருள் தேடினேன். பொருள் வந்தது. பக்கத்தில் ஒரு தளத்தின் பெயரும் சிறியதாக இருந்தது. யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்திருக்கவேண்டும். நான் அங்கே போகவில்லை. போகவில்லை என்பதே இரவுதான் நினைவுக்கு வந்தது.

முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதுகிறவன் நான். ஒரு வாசகன் வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.