கீழே பாருடா!

“டேய்... நில்லுடா! நான் இன்னும் கீழேயே இருக்கேன்டா!”

ஒரு காலத்தில் எங்கள் தெருமுனை வரை கேட்ட குரல் இது. கத்துவது அக்கா. காதிலேயே வாங்காமல் மேலே மேலே தாவிக்கொண்டிருப்பது சாட்சாத் நானே! ஊர், ஆரணி. ஆட்டம்... வேறென்ன பாஸ், கான்ட்ராதான்.

அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம், அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. ‘பட்டாசே வேண்டாம்’ என்று நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் பண்ணின ஒரு தீபாவளிக்கு, பஜாரிலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தார். கூடவே மஞ்சள் கலர் கேசட். மேலே ‘9999 இன் 1’ என்று பெருமையாகப் போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதே ஏழெட்டு கேம்தான் வேறு வேறு நம்பரில் திரும்பத் திரும்ப வரும். படம் ஆடினால் கேசட்டை உருவி, ‘உஃப்’ என்று ஊதி, மறுபடி சொருக வேண்டும். இந்த ஊதல் வைத்தியம் தெரிந்தவர்கள் எல்லாரும் கை தூக்குங்க!

கான்ட்ராவை கொனாமி கம்பெனி முதலில் 1987-ல் ஆர்கேட் மெஷினுக்காகச் செய்தது. அடுத்த வருடம் டி.வி. கேமுக்கு வந்தது. பில், லான்ஸ் என்று இரண்டு வீரர்கள். பில்லுக்கு நீல பேன்ட், அது நான். லான்ஸுக்கு சிவப்பு பேன்ட், அது அக்கா. ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் காலி. அதனால் மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட்! 30 உயிர் கிடைக்கும். இந்த மந்திரத்தை முதலில் வைத்தவர் ஹஷிமோட்டோ என்கிற கொனாமி புரோகிராமர். 1986-ல் கிரேடியஸ் என்கிற கேமைச் செய்தபோது, அது ரொம்பக் கஷ்டமாக இருந்ததால் சோதித்துப் பார்க்கத் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்கு வழியாம். கேமைச் செய்தவருக்கே அந்த நிலைமை என்றால், நாம எம்மாத்திரம்!

எங்கள் சண்டையெல்லாம் மூன்றாவது ஸ்டேஜில்தான். அருவி ஸ்டேஜ். பாறை பாறையாகத் தாவி உச்சிக்குப் போக வேண்டும். ஒருவன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். இன்னொருவன் பின்தங்கி, திரையின் அடி விளிம்புக்குக் கீழே போய்விட்டால் செத்தான். எதிரியும் வேண்டாம், குண்டும் வேண்டாம். கூட வந்தவன் வேகமாக ஏறினதே போதும். நான் எத்தனை தடவை அக்காவைச் சாகடித்தேன் என்று கணக்கே கிடையாது.

அந்த அக்கா இப்போது வல்லம் வடகாலில் இருக்கிறாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம் இருக்கிற சிப்காட் ஏரியா. ராயல் என்ஃபீல்டு, யமஹா பைக்கெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பேர் தங்குகிற மாதிரி ஒரு பெண்கள் விடுதியைத் திறந்தார்கள். ஒரு சின்ன டவுனையே அடுக்கி வைத்த மாதிரி பத்து மாடிக் கட்டடங்கள். அதில் ஒரு கட்டில் அக்காவுடையது. செல்போன் கம்பெனியில் லைன் வேலை, ஷிப்ட் டியூட்டி. நான் அதே ரூட்டில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபைனல் இயர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிசயம்.

அவளுடைய பிறந்த நாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தேன். பர்ஸைத் திறந்து பார்த்தேன். சரி, வாங்க வேண்டாம், செய்வோம் என்று முடிவெடுத்தேன். கான்ட்ராவின் முதல் ஸ்டேஜையும் அருவி ஸ்டேஜையும் புதுசாக நானே செய்து கொடுப்பது. பிளான் சூப்பர் இல்ல?

அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்று. உலகம் பூரா இருக்கிறது.

அர்ஜென்டினாவில் மில்டன் குவாஸ்டி என்று ஒருத்தர். கேம் பாய்க்கு 1991-ல் வந்த மெட்ராய்டு 2 கேமைத் தனி ஆளாக ஆரம்பித்து, சுமார் பத்து வருடம் இழைத்து, 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நின்டென்டோவிடமிருந்து நோட்டீஸ். இறக்கிவிட்டார். அடுத்த வருடமே நின்டென்டோ தன் சொந்த ரீமேக்கை வெளியிட்டது. ஆனால், குவாஸ்டியின் பத்து வருடம் வீணாகவில்லை. அந்த வேலையைப் பார்த்த மூன் ஸ்டூடியோஸ் அவரை லெவல் டிசைனராக எடுத்துக்கொண்டது.

ஸ்பெயினில் ஒரு ரசிகர் கூட்டம் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் கேமை எட்டு வருடம் உழைத்துப் புதுப்பித்து, 2011-ல் வெளியிட்டது. சேகா கம்பெனி நிறுத்தச் சொல்லிவிட்டது. காமெடி என்னன்னா, அதே 2011-ல் அதே சேகா, கிறிஸ்டியன் வைட்ஹெட் என்கிற ஆஸ்திரேலிய ரசிகரைக் கூப்பிட்டு, அவர் எழுதிய எஞ்சினிலேயே சோனிக் சி.டி. கேமைப் புதுசாக வெளியிட்டது. 2017-ல் வந்த சோனிக் மேனியாவும் அவர் தலைமையில் ரசிகர்கள் சேர்ந்து செய்ததுதான். ஒரே கம்பெனி, ஒரு கையில் நோட்டீஸ், இன்னொரு கையில் வேலை!

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது பிளாக் மெசா. 1998-ல் வந்த ஹாஃப் லைஃப் கேமை, சோர்ஸ் என்கிற புது எஞ்சினில் ரசிகர்கள் செய்த ரீமேக். 2012-ல் முதல் பகுதிகளை இலவசமாக விட்டார்கள். கடைசிப் பகுதியான ‘ஸென்’னை மட்டும் விடவில்லை. ஏனென்றால் ஒரிஜினலிலேயே அது சுமார்தான் என்று விளையாடினவர்கள் புலம்பிக்கொண்டிருந்த பகுதி. அதை அடியோடு மாற்றிக் கட்டினார்கள். முழு கேம் வெளிவந்தபோது 2020 மார்ச். ஒரிஜினல் கம்பெனியான வால்வே விற்க அனுமதி கொடுத்திருந்தது.

ரீமேக்கில் கஷ்டம் படம் வரைவதோ கோட் எழுதுவதோ இல்லைங்க. எது தப்பு, எதுதான் அந்த கேமே என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தப்பைத் திருத்தலாம். கேமைத் திருத்திவிடக் கூடாது.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது அக்கா பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். காலேஜ் சேர்ந்த அன்று, “எனக்கு இது எதுக்குடா?” என்று என் பையில் வைத்தாள். அதில் அன்ரியல் எஞ்சினைத் திறந்தேன். ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்திவிட்டு அப்படியே உறைந்தது. அப்புறம் கிடைத்த தெய்வம்தான் கோடோ. முழுக்க இலவசம், சைஸும் சின்னது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். புவியீர்ப்பு, மோதல், கேமரா, சத்தம் எல்லாம் எஞ்சினில் ரெடியாக இருக்கும். நாம் விதியை எழுதினால் போதும்.

முதல் மூன்று வாரம் ஒரே ஒரு குதிக்குப் போனது. கான்ட்ரா வீரன் குட்டிக்கரணம் அடித்துக் குதிப்பான். காற்றில் இருக்கும்போதே திசையை மாற்றலாம். நிஜத்தில் எவனாலும் முடியாது. எஞ்சின் கொடுத்த ‘நிஜமான’ குதியை வைத்தால் ஏதோ மூட்டை விழுகிற மாதிரி இருந்தது. நம்பரை மாற்றி மாற்றி, ஒரு ராத்திரி விரல் தானாக ‘ஆங்... இதான்!’ என்றது. அந்தச் சந்தோஷத்தை ஹாஸ்டலில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

பழைய கேமில் குண்டுகள் அதிகமானால் படம் மினுமினுக்கும். எங்கள் டி.வி. கேம், நின்டென்டோ 1983-ல் கொண்டுவந்த ஃபேமிலி கம்ப்யூட்டரின் காப்பி. அந்த மெஷினால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. அதனால் மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். இது தப்பு. எடுத்துவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து அருவி. அந்தக் கால மெஷினில் திரை என்பது 256-க்கு 240 புள்ளி. அதன் வேலை நினைவகமே 2 கிலோபைட்தான். பின்னணிப் படத்தைச் சுருக்கி, தூரத்திலிருந்து காட்டுகிற வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒருத்தன் ஏறினால் இன்னொருத்தன் சாகிறான் என்று நினைத்தேன். ஆக, இதுவும் தப்பு. இப்போது சுலபமாகத் திருத்தலாம். இரண்டு பேர் நிற்கிற உயரத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அங்கே கேமராவை வை. இடைவெளி கூடினால் ஜூம் அவுட் பண்ணு. ஆறேழு வரி கோட். சின்ன வயசில் பண்ணின அத்தனை கொலைக்கும் பரிகாரம்!

பிறந்த நாள் அன்று அதிர்ஷ்டவசமாக அவளுக்கு வீக்லி ஆஃப். சிப்காட் ரோட்டோர டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்து, இரண்டு கேம்பேடைச் சொருகினேன். ஸ்கிரீனைப் பார்த்ததும் அவள் முகம் இருக்கே... விடுங்க, அதை எழுத வராது.

“சிவப்பு பேன்ட்டு எனக்கு!”

லைனில் பழகின விரல். என்னைவிட வேகம். முதல் ஸ்டேஜில், “டேய், பாலம் வெடிக்கும், ஓடு ஓடு!” என்று கத்தியதில் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அருவி வந்தது. வழக்கம்போல நான் பாய்ந்து ஏறினேன். கேமரா அழகாகப் பின்வாங்கியது. நான் உச்சியில். அவள் எங்கோ அடியில், எறும்பு மாதிரி. ஆனால், உயிரோடு! பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

கேம்பேடைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னடா இது, நான் சாகவே மாட்டேங்குறேன்?”

“புது கேமராக்கா! ரெண்டு பேரையும் அதுவே பாத்துக்கும். நீ மெதுவாவே வரலாம்.”

“அப்ப நீ எதுக்குடா நிக்கணும்?”

எனக்குப் புரியவில்லை.

“முன்னெல்லாம் பத்து தடவை சாகடிப்பே. பதினோராவது தடவை நின்னு, கீழே பாப்பே பாரு... அதுக்குத்தான்டா நான் கூட விளையாடவே வருவேன். இப்ப கேமராவே பாத்துக்குதுன்னா, நீ எங்க என்னைப் பாக்கப் போறே?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை.

பிளஸ் டூவில் கணக்கில் என்னைவிட அதிக மார்க் அவள். அந்த வருடம் தறி வேலை குறைந்து போயிருந்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்ற நிலை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். என் நான்கு வருட ஃபீஸில் பாதிக்கு மேல் அவளுடைய ஷிப்ட். நான் ஏறினேன், திரையும் கூடவே ஏறியது. மாசா மாசம் பணம் வந்ததால், ‘அக்கா நல்லாத்தான் இருக்கா’ என்று நானும் நினைத்துக்கொண்டேன். கேமரா பார்த்துக்கொண்டது!

அன்று ராத்திரியே அந்த ஆறேழு வரியையும் அழித்தேன். பழைய விதி திரும்ப வந்தது. மெஷினின் இயலாமை என்று நான் நினைத்ததுதான் அந்த ஸ்டேஜின் உயிர். வேகமாக ஏறத் தெரிந்தவனை நிற்க வைக்கிற விதி அது. கூட ஆடின ஆளைக் கேட்காமல் எது தப்பென்று முடிவு பண்ணினேன் பாருங்க, அதுதான் தப்பு.

“இதை நெட்ல போடுடா, பிளேஸ்மென்ட்டுக்கு உதவும்” என்றான் ரூம்மேட். குவாஸ்டி ஞாபகம் வந்தார். கான்ட்ரா என்ற பெயரும் பில்லும் லான்ஸும் அந்த இசையும் கொனாமியின் சொத்து. 2024-ல்கூட அவர்களே கான்ட்ராவை ‘ஆபரேஷன் கலூகா’ என்று புதுசாக வெளியிட்டிருக்கிறார்கள். ரசிகன் என்பதற்காக அடுத்தவர் வீட்டுப் பத்திரம் நம் பேருக்கு வந்துவிடாது. ஆனால் ஆட்டத்தின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்த குதியை என் விரலிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

அதனால் அந்த ரீமேக் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். மற்றவர்களுக்கு வேறு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். துப்பாக்கி இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஜவ்வாது மலை பீமன் அருவி மாதிரி ஒரு அருவி. பாறையில் ஏறுகிற ஒரு அக்கா, ஒரு தம்பி. படமெல்லாம் நான் வரைந்தது, சுமாராகத்தான் இருக்கும். விதி ஒன்றுதான்: ஒருத்தர் மட்டும் உச்சிக்குப் போனால் கேம் ஓவர். பெயர், ‘கீழே பாருடா’.

போன வாரம் மறுபடி வல்லம் வடகால். இந்தத் தடவை லேப்டாப் கொண்டு போகவில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி சேர்வதற்கான விவரத்தையும் ஃபாரத்தையும் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வேலையை விடாமலே படிக்கலாம். முதல் வருட ஃபீஸுக்கு, லீவு நாளில் பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் இருக்கிறது.

புரட்டிப் பார்த்தாள். “கணக்கெல்லாம் மறந்து போச்சுடா...”

“30 லைஃப் இருக்குக்கா!”

தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குள் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினவள், ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“மொதல்ல உன் அரியரை முடிடா!”

ஃபாரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.